டைட்டானியத்துக்கு வைத்த பொட்டு

1

ரப்பர் கருகும் வாசனை. காலையில் பட்டறைக் கதவைத் தள்ளியதும் அதுதான் முதலில் வந்து மோதியது. உலோகச் சீவல்களை அள்ளிச் செல்லும் பட்டை எங்கோ சிக்கி, உருளையில் வழுக்கி, சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஒருவன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று நெஞ்சு நிறைய இழுத்தேன்.

இத்தாலியின் வடக்கே, மலையடிவாரச் சிறு நகரம் ஒன்றில், விமானங்களுக்கான உலோகப் பாகங்களைக் கடையும் பட்டறை இது. ஆனால் அந்த ஒரு மூச்சுக்குள் இலங்கையில், கேகாலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துப் புகைக்கூடு முழுசாக இருந்தது. கழிகளில் துணி காயப் போட்டதுபோல் வரிசையாகத் தொங்கும் ரப்பர் ஷீட்டுகள். அடியில் ரப்பர் விறகின் சோம்பலான புகை. வெள்ளையாக உள்ளே போன ஷீட் தேன் நிறத்தில் வெளியே வரும். அந்த வாசனை எங்கள் தலைமுடியில் இருந்தது, பள்ளிச் சீருடையில் இருந்தது, வடித்த சோற்றில்கூட இருந்தது. கேகாலைக்குப் பள்ளிக்கூடம் போன நாட்களில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைதான் கடைசியாக நிரம்பும். அன்று வெட்கப்பட்ட வாசனையை இன்று களவாக முகர்ந்துகொண்டு நின்றேன்.

அந்தப் புகையோடு விடியலில் அக்கா அனுப்பியிருந்த குரல் செய்தியும் ஞாபகத்துக்கு வந்தது.

“தம்பி, இன்னைக்கி ஆயுத பூசைடா. கத்தியெல்லாம் கழுவி வச்சாச்சி. நீயும் ஒன் சாமானுக்கு ஒரு பொட்டு வச்சிரு. மறந்துறாத, என்னா?”

பாக்கியம் அக்கா எனக்கு மூத்தவள். அதே தோட்டத்தில், அதே மலையில், இன்றும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். நான் இங்கே டைட்டானியம் வெட்டுகிறேன். இரண்டு பேரும் வெட்டித்தான் சாப்பிடுகிறோம்.

2

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் லேத் வேலை என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் சொன்னால் அலட்டுகிறான் என்பார்கள். இங்கே எழுதலாம். எழுத்தில் யாரும் கொட்டாவி விடுவது தெரியாது.

இரும்பை வெட்டுவது ஒருவகையில் நேர்மையான சண்டை. உலோகம் சுழலும், கத்தி முனை அதன்மேல் ஏறும், சீவல் சுருண்டு விழும். உண்டாகிற சூட்டில் பெரும்பங்கைச் சீவல் சுமந்துகொண்டு போய்விடும். சிவந்து நீலமாகி விழுகிற சீவலைப் பார்த்தால், போகிற போக்கில் வீட்டுச் சண்டையையும் தூக்கிக்கொண்டு போகிற நல்ல விருந்தாளி மாதிரி இருக்கும்.

டைட்டானியம் அப்படி இல்லை. அது சூட்டைக் கடத்தாது. உள்ளேயும் வாங்கிக்கொள்ளாது, சீவலோடும் அதிகம் அனுப்பாது. வெட்டுகிற இடத்தில், கத்தியின் கூர் நுனியில், ஒரு மயிரிழை அகலத்துக்குள் சூடு முழுவதும் கூடி நிற்கும். விசையும் அப்படியே. இரும்பில் கத்தியின் முகமெல்லாம் பரவுகிற அழுத்தம், இதில் நுனியிலேயே குந்திக்கொள்ளும். போதாததற்கு, அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுத்து ஒதுங்கும், கத்தி தாண்டியதும் திரும்பி வந்து பின்னாலிருந்து உரசும். அதனால் மெதுவாகச் சுழற்ற வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும், கூலன்ட் என்கிற குளிர்விக்கும் திரவத்தை அழுத்தத்தோடு நுனியிலேயே பாய்ச்ச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பயந்து தொடக்கூடாது. கத்தி முன்னேறாமல் ஓரிடத்தில் நின்று உரசினால் அந்த இடத்துத் தோல் இறுகிவிடும். பிறகு வருகிற கத்தி அந்த இறுகலில் மோதி உடையும்.

என் கைக்கு இதுதான் வரவில்லை. பால் வெட்டுகிற வீட்டில் வளர்ந்த கை இது. ரப்பர் மரத்தில் பட்டையைத்தான் சீவ வேண்டும், அதற்கு உள்ளே இருக்கிற கட்டையைத் தொடக்கூடாது. கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு பல வருஷத்துக்கு அங்கே கத்தி ஓடாது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கைப்பழக்கம் ஒன்றுதான். கத்திக்கு அடியில் சத்தம் கொஞ்சம் மாறினால் கை தானாக இளகிவிடும். அம்மாவுக்கு அப்படி, அக்காவுக்கு அப்படி. கத்தியைத் தொழிலாகப் பிடிக்காத எனக்கும், லீவு நாளில் அம்மாவோடு மலை ஏறிய பாவத்துக்கு, அப்படித்தான்.

இயந்திரத்தில் அந்த இளகலுக்கு ஒரு குமிழ் இருக்கிறது. கத்தி முன்னேறும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும். சத்தம் மாறினால் என் கை கேட்காமலேயே அதற்குப் போகும், குறைக்கும். இரும்பில் அது பிழைத்துக்கொள்ளும். டைட்டானியத்தில் அதுதான் கேடு. கத்தி ஓட வேண்டிய வழியைக் கணினியில் எழுதுகிற எலிசா, என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள், தூரத்தில் இருந்தே கத்துவாள்: “ராவி, கை!”

ரவி என்ற பெயர் இங்கே ராவி ஆகிவிட்டது. திருத்துவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

3

ஆயுத பூசையன்று தோட்டத்தில் பிரட்டுக்களத்தின் ஓரத்து மாரியம்மன் கோயிலில் கத்திகள் வரிசையாகப் படுத்திருக்கும். பிரட்டுக்களம் என்றால் காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிந்து போகிற இடம். வருஷமெல்லாம் விடியும்முன் ஓடுகிற கத்திகள் அன்றைக்கு மட்டும் வெயில் ஏறியபிறகும் படுத்திருக்கும். வெயில் ஏறினால் மரத்தில் பால் இறுகிப்போகும், ஒழுக்கு நின்றுவிடும், அதனால் எங்கள் ஆட்களுக்கு விடியல் என்பது துரத்திக்கொண்டு வருகிற ஒன்று. அந்த ஒருநாள் துரத்தாது. வாளிகள் கவிழ்ந்திருக்கும். சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் சாக்குகூட ஒரு மூலையில், நாற்றத்தோடு, பொட்டோடு இருக்கும். பொரியும் கடலையும் கைநிறையக் கிடைக்கும். அப்பா தன் சைக்கிளுக்குச் சந்தனம் பூசிவிட்டு அன்று நடந்தே கடைக்குப் போவார்.

இங்கே எனக்குப் பூசை கிடையாது, லீவும் கிடையாது. என் கருவிப் பெட்டியில் ஒரு சின்னக் குங்குமச் சிமிழ் இருக்கிறது. வருஷத்தில் ஒருநாள் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்து, மூடியைச் சாத்திவிடுவேன். அவ்வளவுதான்.

இந்த வருஷம்தான் என்னைப் பெரிய டைட்டானிய இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதில் பூட்டியிருந்தது ஒரு வளையம். வாடிக்கையாளர் காய்ச்சி அடித்து அனுப்பிய ஒற்றைத் துண்டு, மாற்று கிடையாது, கெட்டால் கெட்டதுதான். கருகிய ரப்பர் வாசனை மூக்கில் இருக்க, அக்காவின் குரல் காதில் இருக்க, அந்த இயந்திரத்தைப் பார்த்தேன். இதற்கு வைக்காமல் பெட்டிக்கு வைத்து என்ன?

வெளியில் வைத்தால் கேள்வி வரும். ஆகையால் கதவைத் திறந்து, உட்புறம், கண்ணாடிக்கு மேலே இருக்கும் சட்டத்தில், யாருக்கும் தெரியாத இடம் பார்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டு நல்ல பெரிய பொட்டாகவே வைத்தேன். கதவைச் சாத்தி வேலையைத் தொடங்கினேன்.

4

பக்கத்து இயந்திரம் நிமலுடையது. எங்கள் கேகாலைப் பக்கத்து ரம்புக்கனைக்காரன், சிங்களவன், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். ரயில் மேட்டில் ஏறுவதற்கு முன்னால் மூச்சுவாங்குகிற ஊர் அது. அவன் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் இத்தாலிய மொழியில், எந்த நாடு என்று கேட்டான். இலங்கை என்றேன். இலங்கையில் எங்கே? கேகாலை. அவன் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

இந்த நகரத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், நல்லவர்கள், கோயில் விசேஷம் என்றால் கூப்பிடுவார்கள். ஆனால் நான் வாயைத் திறந்து “நாங்க போறோம்” என்று சொன்னதுமே “நீங்கள் இந்தியாவோ?” என்று கேட்டுவிடுவார்கள். இல்லை, உங்கள் தீவுதான் என்று விளக்குவதற்குள் பந்தி முடிந்துவிடும். நிமலிடம் விளக்க வேண்டியதில்லை. அவனுக்குத் தமிழ் பாதி வரும், எனக்குச் சிங்களம் முழுசாக வரும், இரண்டையும் குழைத்து நாங்கள் பேசுகிற பாஷை பட்டறையில் எங்களுக்கு மட்டும் உரியது. இயந்திரத்தில் பாய்கிற கூலன்ட் பால் வெள்ளையாக இருக்கும். நாங்கள் அதற்கு வைத்த பெயரே பால். “அண்ணே, பால் குறையுது பாருங்க” என்பான். ஒரு கணம் எனக்கு மலை தெரியும்.

நிமல் எங்களைப் போல் நிரந்தரம் இல்லை. ஒப்பந்தத்துக்கு வந்தவன். அது அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டினால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அட்டை புதுப்பிக்கப்படும். அட்டை இருந்தால்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியும். இல்லாமல் போனால், போனது போனதுதான். அவன் இங்கே வந்தபிறகு பிறந்த மகனை இன்னும் கையில் தூக்கவில்லை. பையன் இப்போது போனில் “அப்பச்சி, எப்ப வர்றீங்க?” என்று சிங்களத்தில் கேட்கிற வயதுக்கு வந்துவிட்டான். அப்பச்சி என்றால் அவர்களுக்கு அப்பா. அட்டை அலுவலகத்துக்கு இவனோடு நானும் போயிருக்கிறேன். விடிகாலைக் குளிரில் சுவரை ஒட்டி வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு தாளைக் கூடுதலாகக் கேட்பார். வெளியே வந்ததும் நிமல் சொல்வான், “அண்ணே, நம்ம தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளைமாரெல்லாம் செத்து இங்கதான் பொறந்திருக்காங்க.”

எங்கள் மேற்பார்வையாளர் கிளாவ்தியோ நீட்டிப்புக்கு வாய்ச்சொல் கொடுத்திருந்தார். அது முடிவாக வேண்டிய வாரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

5

வளையத்தின் வெளிப்புறத்தில் கத்தி நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. முடிய நேரமிருந்தது. பொட்டு வைத்துவிட்டேன் என்று அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கையுறையையும் தொப்பியையும் கழற்றி இயந்திரத்து முன் தட்டில் போட்டுவிட்டு, சாப்பாட்டறைப் பக்கம் போனேன்.

நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று இருந்தது. இரும்புக்குப் பாய்கிற கூலன்ட் சும்மா ஒழுகும். டைட்டானியத்துக்குப் பாய்கிறது பீய்ச்சி அடிக்கும். எண்ணெய்ப் பொட்டை அது முதலில் நனைத்தது, பிறகு கரைத்தது. சட்டத்திலிருந்து சிவப்பு இறங்கி, கண்ணாடியின் உட்புறம் முழுவதும் கோடு கோடாக வழிந்தது.

நிமல் திரும்பிப் பார்த்தபோது அவனுக்குத் தெரிந்தது இதுதான்: கண்ணாடிக்கு உள்ளே சிவப்பு. முன் தட்டில் என் கையுறை. நான் இல்லை.

“லே! அண்ணே! லே!”

லே என்றால் சிங்களத்தில் இரத்தம். அந்தச் சத்தம் சாப்பாட்டறை வரை கேட்டது. அதற்கு அடுத்த நொடியில் இன்னொரு சத்தம் நின்றது. என் இயந்திரத்தின் சத்தம். அவன் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்திருந்தான்.

நான் ஓடி வந்தபோது கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். எதைத் தேடினான் என்பதை நான் எழுதப் போவதில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பிடித்து, புரட்டி, விரல் விரலாகப் பார்த்தான். பிறகு உள்ளே கைவிட்டுச் சிவப்பைத் தொட்டு முகர்ந்தான்.

“குங்குமம்” என்றான் தமிழில். பிறகு சிங்களத்திலும் தமிழிலுமாக, “பிஸ்ஸுத ஒயாட்ட? பைத்தியமா ஒங்களுக்கு?” என்று கத்தி, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

நான் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தேன். கத்தி டைட்டானியத்துக்குள் நின்றுபோயிருந்தது.

6

கிளாவ்தியோ வந்தார். பார்த்தார். இத்தாலியர்கள் கைகளால் பேசுவார்கள் என்று சொல்வதெல்லாம் உண்மைதான், ஆனால் உண்மையில் கோபம் வந்தால் கைகளைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

“இரத்தமா?”

“இல்லை. பொடி. என் பொடி. எங்கள் ஊரில் இன்று கருவிகளுக்குப் பண்டிகை” என்றேன். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் அதற்குமேல் அழகாக வரவில்லை. “தப்பு என்னுடையது. அவன் என் கை போய்விட்டது என்று நினைத்துவிட்டான்.”

“பொடி உன்னுடையது. பொத்தானை அழுத்திய கை அவனுடையது. வளையம் கெட்டால் யார் நிறுத்தியது என்று மேலே கேட்பார்கள். நான் என்ன சொல்ல? இந்த வாரத்தில்.”

நிமலின் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். ஆனாலும் இந்த வாரத்தில் என்ற வார்த்தை நிமலுக்குப் போய்ச் சேர்ந்தது. வளையம் கெட்டால் அவனுடைய நீட்டிப்பும் கெட்டது. அதை யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது.

எலிசா கத்தியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, பூதக்கண்ணாடியோடு வளையத்தின் மேல் குனிந்தாள். கத்தி நின்ற இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பாக ஒரு தழும்பு. உடைந்த முனையின் ஒரு துணுக்கு அதற்குள் செருகியிருந்தது. துணுக்கை ஊசியாலும் சாணைக்கல்லாலும், காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல், பொறுமையாக எடுத்தாள். அதற்குள் நானும் நிமலும் கண்ணாடியையும் சட்டத்தையும் துடைத்து, வடிகட்டியை மாற்றினோம். என் அக்காவின் குங்குமம் ஒரு கந்தல் துணிக்குள் போனது.

“நல்ல வேளை, இன்னும் கொஞ்சம் சதை இருக்கிறது” என்றாள் எலிசா. கடைசி அளவுக்கு முன்னால் விட்டு வைத்திருந்த மெல்லிய அடுக்கைத்தான் அப்படிச் சொன்னாள். “தழும்புக்கு அடியில் போக வேண்டும். புது முனை. ஒரே ஓட்டம். மேலாகச் சீவினால் இறுகின தோலிலேயே உரசிக்கொண்டிருப்போம்.”

கிளாவ்தியோவுக்கு மனமில்லை. “மெல்ல மெல்ல எடுக்கலாமே.”

என் மனமும் மெல்ல மெல்ல என்றுதான் சொன்னது. எங்கள் வீட்டு மனம் அது.

“மெல்ல எடுத்தால் தழும்பு பெரிதாகும்” என்றாள் எலிசா. “ராவி, நீதான் ஓட்டப் போகிறாய். சுற்றுக்கு ஒருமுறை கத்தி தழும்பில் ஏறும், டக் என்று கேட்கும். உன் கை குமிழுக்குப் போகும். போகக்கூடாது.”

“கட்டிப் போடு” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நான் நிமலைக் கூப்பிட்டேன். “இங்க வா. என் கையப் புடிச்சிக்க.”

“என்னாத்துக்கு?”

“குமிழ் பக்கம் விடாத. நான் இழுத்தாலும் விடாத.”

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போய்விட்டது என்று தான் நினைத்த அந்தக் கையை நிமல் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். இடது கையால் நான் தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். வளையம் மெதுவாகச் சுழன்றது. பால் பீய்ச்சியது. கத்தி ஏறியது.

முதலில் ஒழுங்கான சத்தம். கொழுத்த, தாழ்ந்த சத்தம். வெள்ளிச் சீவல் பட்டையாகச் சுருண்டு விழுந்தது. பிறகு தழும்பு வந்தது. டக். ஒரு சுற்று. டக். பால் மரத்தில் கத்தி கட்டையைத் தொடப்போகிறபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். அந்த மூச்சை நான் இழுத்தேன். கை துள்ளியது. நிமல் விடவில்லை. டக். இன்னும் இழுத்தேன், வெட்கமில்லாமல், குழந்தை மிட்டாய்க்கு இழுப்பதுபோல். அவன் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. “ஐயோ அண்ணே, இருங்க, இருங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். எனக்குச் சொன்னானா, கத்திக்குச் சொன்னானா, தெரியாது.

டக் என்பது டொக் ஆனது. பிறகு ஒரு சுரண்டல். பிறகு இல்லை. மறுபடியும் அந்தக் கொழுத்த சத்தம் மட்டும். கத்தி ஓட்டத்தின் கடைசி வரைக்கும் போய் வெளியே வந்தது.

யாரும் கைதட்டவில்லை. டைட்டானியத்தைச் சூட்டோடு அளக்க முடியாது. ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போனோம்.

7

வீட்டில் சொன்னேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், கனவுகள் எல்லாம் அவளுக்கு இத்தாலிய மொழியில்தான். தமிழ் அவளுக்குச் சாப்பாட்டு மேசையில் மட்டும் போடுகிற துணி மாதிரி ஆகிவிட்டது, சாப்பிட்டு முடிந்ததும் மடித்து வைத்துவிடுகிறாள். அன்றைக்கு ஏனோ அக்காவோடு பேச வேண்டும் என்றாள். போனைப் பிடித்தோம். பேசத் தொடங்கியதும் “அத்தை வேகமாகப் பேசுறாங்க, நீங்க சொல்லுங்க” என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

அக்கா கதையை முழுசாகக் கேட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

“டேய், ஒனக்கு மண்டையில மூள இருக்கா? பொட்டு வச்ச கத்திய அன்னைக்கி எடுப்பாங்களாடா? பொட்டு வச்சா அது படுத்துக்கணும். மறுநாத்தான் எடுக்கணும். நீ பொட்டையும் வச்சிட்டு வேலையும் வாங்குவியா? அது நிக்காம என்னா பண்ணும்?”

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் பெட்டிக்குப் பொட்டு வைத்து மூடிவிட்டு, வேறு கருவிகளில் வேலை செய்தேன். இந்த வருஷம்தான் ஓடுகிற இயந்திரத்துக்கே வைத்தேன். பொட்டு மட்டும் ஞாபகம் இருந்தது, அது எதற்கு என்பது எங்கேயோ வழியில் உதிர்ந்துவிட்டது. ஊரைவிட்டு ரயிலேறிய ரம்புக்கனை ஸ்டேஷனிலா, இங்கே வந்தபிறகா, தெரியவில்லை.

“அந்தப் பையனுக்கு வேல போயிருமாடா?” என்று அக்கா கேட்டாள்.

“நாளைக்கித்தான் தெரியும்.”

“சிங்களப் பையனா? நம்ம ரம்புக்கனப் பக்கமா?” ஆமாம் என்றேன். “நாளைக்கிக் கத்திய எடுக்கறப்ப அவன் பேரயும் சொல்லி எடுக்குறேன். என்னா பேரு?”

“நிமல்.”

தர்ஷினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா போனை வைத்தபிறகு கேட்டாள், “அப்பா, நிமல் மாமா அழுதாரா?”

“இல்ல. வாளி மேல உக்காந்துட்டாரு.”

“அதுதான் அழுகை” என்றாள் இத்தாலிய மொழியில், பெரிய மனுஷி மாதிரி.

8

காலையில் வளையம் அளவு அறைக்குப் போயிருந்தது. குளிரூட்டிய அந்த அறைக்குள் நாங்கள் போகக்கூடாது. நிமல் தன் இயந்திரத்தில் பாகத்தைப் பூட்டினான், கழற்றினான், மறுபடியும் அதே பாகத்தைப் பூட்டினான். நான் பார்க்காததுபோல் இருந்தேன். கருகிய பட்டையை மாற்றிவிட்டிருந்தார்கள். வாசனை போய்விட்டிருந்தது.

எலிசாதான் முதலில் வெளியே வந்தாள். நேராக என்னிடம் வந்து, என் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டில் நிமலின் நகம் பட்ட அடையாளத்தைப் பார்த்தாள். “இதைத் தவிர வேறு தழும்பு இல்லை” என்றாள்.

கிளாவ்தியோ பின்னால் வந்து, “கடைசி ஓட்டத்தை முடி” என்றார். நிமலின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நீட்டிப்புத் தாள் அந்த வாரமே வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சுவரோர வரிசை, மறுபடியும் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மா, மறுபடியும் கூடுதலாக ஒரு தாள். ஆனாலும் பனி கொட்டத் தொடங்கும் முன்னால் அட்டை அவன் கைக்கு வந்துவிட்டது. உடனே டிக்கெட் போட்டான்.

அந்த வளையம் இப்போது ஏதோ ஒரு விமானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் தலைக்கு மேலே போகிற ஒன்றிலாகவும் இருக்கலாம். நான் சில சமயம் யோசிப்பேன். இந்தத் தேசத்தில் நாங்கள் எத்தனை வருஷம் தொடாமல் தொட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல என்று, பயந்து பயந்து நின்றிருக்கிறோம். உரசின இடமெல்லாம் இறுகிப் போயிருக்கிறது. சூடு எங்கேயும் போகாமல் நுனியிலேயே நிற்கிறது. யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை உள்ளே போயிருப்போம்.

9

விமான நிலையத்துக்குப் போகிற ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் அதிகம் நிற்காது. நான் நிமலோடு பிளாட்பாரத்தில் நின்றேன். குளிர். அவன் புது ஜாக்கெட் போட்டிருந்தான். பையனுக்கு வாங்கிய பொம்மை ரயில், அவன் பெட்டியிலிருந்து பிதுங்கிக்கொண்டிருந்தது.

ரம்புக்கனையில் அந்தக் காலத்தில் ரயிலுக்கு மேடு ஏற இன்னொரு இன்ஜின் பூட்டுவார்கள். அதற்காக நிறுத்தி வைப்பார்கள். அந்த ஸ்டேஷனில்தான் அக்கா என்னைக் கொழும்புப் பக்கம் போகிற ரயிலில் ஏற்றிவிட்டு, எதிர்த்தண்டவாளத்தில் மேடு ஏறுகிற ரயில் நிற்கிறதே, இது மட்டும் ஏன் சீக்கிரம் கிளம்புகிறது என்று என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். இறங்குகிற ரயிலுக்கு இரண்டாவது இன்ஜின் தேவையில்லை. அது வந்ததும் போய்விடும்.

அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தந்தேன். சாக்லேட் வேண்டாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். உள்ளே ஒரு நல்ல சாணைக்கல், இங்கே நாங்கள் கத்தி முனைக்கு வைத்திருக்கிற மாதிரி, நெய் போல வழுக்குகிற கல். அதோடு ஒரு காகிதத்தில் மடித்து அந்த ஓட்டத்தின் சீவல். ஒரு சுருள். சூடு ஏறாத வெள்ளி நிறம்.

“இது என்னான்னு கேட்டா என்னா சொல்றது அண்ணே?”

“ஒன் பேர சொல்லிக் கத்தி எடுத்தாங்கல்ல. அதுக்கு வந்த பாலுன்னு சொல்லு.”

“ஆமா, ஏர்போர்ட்ல தொறந்து பாத்தா என்னைய புடிச்சி வைப்பாங்க.” பொட்டலத்தைப் பைக்குள் பத்திரமாகச் செருகினான். “ஒங்க தோட்டத்து பெரிய டிவிசனுக்கு எந்த பஸ்? கேகாலையில இருந்து தானே?”

“கேகாலையில பஸ் மாறி, டிவிசன்ல எறங்கி யாருகிட்டயும் பாக்கியம் பால் வெட்டுறவங்கன்னு கேளு. கைய புடிச்சிக் கூட்டிப் போவாங்க.”

“கைய புடிக்கிறது என் வேலையில்லையா அண்ணே” என்று சிரித்தான்.

ரயில் வந்தது. கதவு திறந்தது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினான். பிறகு திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, என் வலது கையை ஒருமுறை எடுத்து விரல்களைப் பார்த்தான், அன்றைக்குப் பார்த்ததுபோலவே, ஒவ்வொன்றாக. கதவு மூடுகிற மணி அடித்தது.

“அடுத்த வருசமும் பொட்டு வைங்க அண்ணே” என்றான். “ஆனா எனக்குச் சொல்லிட்டு வைங்க.”